மூன்றாம் மாடித் தாங்கல்

தாங்கல் என்ற பெயர் பேருந்து நிறுத்தத்தின் பலகையிலும், சில தெருமுனைகளிலும், ஒரு பிரியாணிக் கடையின் நெற்றியிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்து, அந்தப் பெயருக்கு உரிய சின்ன ஏரி மட்டும் கண்காணாமல் போய்விட்டிருந்த காலத்தில், சென்னையின் தெற்கு மூலையில் கீழ்த்தாங்கல் என்ற பேட்டையில், 'லேக் வியூ' என்று பெயர் வைக்கப்பட்டு, எந்த ஜன்னலைத் திறந்தாலும் எதிர்வீட்டு ஜன்னல் மட்டுமே தெரிகிற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஏகாம்பரம் என்று ஒரு செயலாளர் இருந்தார். சம்பளம் வாங்கியது என்னவோ இன்சூரன்ஸ் கம்பெனியில்தான், ஆனால் மனிதர் மூச்சுவிட்டது முழுக்கக் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளராகத்தான். உலகத்தில் அவருக்கு மிகவும் பிடித்த பொருள் சிமெண்ட். வளாகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மண் தெரிந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. இலை கொட்டாத மரம், எச்சம் போடாத புறா, ஈரம் வைக்காத மழை இவை மூன்றும் அமைந்துவிட்டால் 'லேக் வியூ' சொர்க்கமாகிவிடும் என்று பொதுக்குழுவில் பேசியவர் அவர். கைத்தட்டலும் வாங்கினார்.

அவருடைய மனைவி பெயர் பூங்காவனம். பெண் யாருக்கு வாழ்க்கைப்படப் போகிறாள் என்று தெரியாமல் பெற்றவர்கள் வைத்துவிட்ட பெயர். தபாலாபீசில் வேலை. வாசல் கேட்டின் ஓரமாக நின்ற பூவரச மரத்தில் ஒரு செம்போத்து தினமும் வந்து உட்காரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறுவாள். பூவரசம்பூ காரின் மேல் விழுந்து கறை படிகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவள் ஆபீஸ் போயிருந்த ஒரு பகலில் ஏகாம்பரம் அந்த மரத்தை வெட்டிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்தவள் அடிமரத்தைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் போறேன்" என்றாள்.

நம் ஊரில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை என்று உங்களுக்கே தெரியும். மூக்குப்பொடி வாங்கப் போகிறவன் 'போயிட்டு வரேன்' என்பான். இனிமேல் உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சண்டை போட்டுக் கிளம்புகிற பங்காளிகூடப் படியிறங்கும்போது 'வரேன்' என்பான். வருகிற எண்ணமே இல்லாத வேட்பாளர் 'கண்டிப்பா வரேன்' என்று கும்பிடுவார். வரேன் சொல்லாமல் ஒருவர் கிளம்புவது சாவு வீட்டில் மட்டும்தான். ஆகவே பூங்காவனம் விட்டுவிட்ட அந்த ஒரு சொல் மாடிப்படி முழுக்கக் கேட்டது. அவள் பெரம்பூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏகாம்பரத்துக்கு அழுகை வந்தது. அழத் தெரியாததால் அவர் சிமெண்ட் வாங்கினார். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், பழைய தாங்கலின் கடைசி மிச்சமாக, நான்கு பேர் உட்கார்ந்து சீட்டாடுகிற அளவில் ஒரு குட்டை கிடந்தது. அதில் கொஞ்சம் பாசி, கொஞ்சம் தவளை, எப்படியோ பிழைத்துக் கிடந்த ஓர் அல்லிக் கிழங்கு. அதையும் இடித்த கட்டட ரப்பீஷ் கொட்டி மூடச் சொன்னார். கடைசிக் கூடை விழப் போகிற நேரத்தில் ஒரு தவளை, ஓடாமல், குதிக்காமல், உறவுக்காரர் வீட்டிலிருந்து கிளம்ப மனமில்லாதவர் மாதிரி அப்படியே உட்கார்ந்து அவரை ஏறிட்டுப் பார்த்தது. நல்லவர்கள் வளர்த்த நாக்கு, மனம் எங்கேயோ இருந்தது, வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது:

"சரி, போயிட்டு வாங்க."

மரியாதைப் பன்மை வேறு.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏகாம்பரம் தானே போட்ட காப்பியைத் தானே குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தார். தாங்கல் நின்றுகொண்டிருந்தது.

"வாங்க" என்றார், வந்தவர்களைப் பார்த்து வேறென்ன சொல்வது.

முதலில் தண்ணீர் வந்தது, செருப்புகளை நனைக்காமல் சுற்றிக்கொண்டு. பிறகு கோரையும் சம்பும், தலை இடிக்காமல் குனிந்து. பிறகு கெண்டையும் கெளுத்தியும் விராலும், விராலுக்குப் பின்னால் சிவப்புத் தூசி மாதிரி அதன் குஞ்சுகளும். பிறகு நத்தைகள், அவற்றுக்காகக் கொஞ்ச நேரம் எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு தண்ணிப்பாம்புகள், முக்குளிப்பான்கள், தாழைக்கோழிகள், ஒரு வயசான ஆமை. கடைசியில் கூழைக்கடாக்கள், கைப்பையைத் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற அத்தைமார்களைப் போல. எல்லாரும் உள்ளே வந்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. ஏகாம்பரம் அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார், நடுவில் சாத்தினால் யார் மேலாவது பட்டுவிடும் என்று.

வந்தவர்களுக்குத் தக்கபடி ஹால் அகலமானது. சோபா ஒரு தீவானது. பால்கனி இருந்த திசையில் எதிர்க்கரை தெரிந்தது, அங்கே நிற்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கையை வாயில் குவித்துக் கத்த வேண்டும். சாமி அலமாரிக்குத் தண்ணீர் ஏறவில்லை, கேஸ் அடுப்பு நனையவில்லை, படுக்கையறையில் பூங்காவனம் படுக்கிற பக்கத்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதைப் பார்த்ததும் ஏகாம்பரம் அந்தப் பக்கத்துத் தலையணையைத் தட்டி நேராக வைத்தார். உடனே போனை எடுத்தார்.

"பூங்கா, நம்ம வீட்டுக்குத் தாங்கல் வந்திருக்கு."



"வரட்டும்" என்றாள் பூங்காவனம். "எனக்கு இல்லாத தாங்கலா உங்களுக்கு வந்துடுச்சு?" போனை வைத்துவிட்டாள்.

மனத்தாங்கல் என்று எடுத்துக்கொண்டாள். தப்பில்லை, பேட்டையில் ஏரி போய்ப் பல காலமான பிறகு அந்தச் சொல்லுக்கு அந்த ஓர் அர்த்தம்தானே மிஞ்சியிருந்தது. சங்கத் தலைவி ரெஜினா டீச்சரிடம் சொன்னபோதும் அதே கதைதான் நடந்தது. ஓய்வுபெற்ற பிறகும் எந்தச் சண்டையைக் கண்டாலும் வகுப்புக்கு வெளியே நிறுத்திச் சமாதானம் செய்துவைக்கிற அந்த அம்மாள், "புருஷன் பெண்டாட்டின்னா தாங்கல் இருக்கத்தான் செய்யும் சார், உக்காந்து பேசினா வடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிளம் கேக்கோடு உள்ளே காலை வைத்து, முழங்கால் வரை இறங்கினார்.

"இந்தத் தாங்கலா?" என்றார். பிறகு கேக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வடியாது போல இருக்கே" என்றார்.

குடியிருப்பு இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், முதல் வாரம் எல்லாரும் கீழ்வீட்டுச் சௌந்தரபாண்டியனைத்தான் பார்த்தார்கள். இரண்டாம் மாடியில், நேர் கீழே குடியிருந்த அவர், மேல்வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் கொட்டினால்கூடத் தன் கூரை ஒழுகுகிறது என்று புகாரோடு ஏறி வருகிறவர். அந்தத் துறையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஓர் ஏரியே தலைக்கு மேல் வந்து உட்கார்ந்ததும் அவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, ஹால் நடுவில் வாளியை வைத்து, நாற்காலியில் சாய்ந்து, அண்ணாந்து காத்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. மனிதர் இளைத்துப்போனார். "என் மேல என்னப்பா கோவம் அதுக்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த சிக்கல் லிஃப்டில் வந்தது. நாமக்கோழிகள், கரிய உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாகக் கும்பல் கும்பலாக லிஃப்டில் ஏறி இறங்க ஆரம்பித்தன. முதல் மாடியிலிருந்த வரதாச்சாரியார் அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர், நாமத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பாதம் இல்லையே, வடகலையான்னா இருக்கும்" என்றார். அவருடைய மைத்துனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, மூக்குவரை இறங்குகிறது, இதைவிடப் பாதம் எப்படி இருக்கும், சுத்தத் தென்கலை என்றார். இருவரும் அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. கோழிகள் இரண்டு வீட்டிலும் ததியோன்னம் சாப்பிட்டன.

பிறகு பழகிப்போயிற்று. மொட்டை மாடிக் கொடியில் பாம்புத்தாராக்கள் இறக்கையை விரித்துக் காயவைத்தபோது, பெண்கள் கிளிப்பைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். கூழைக்கடா ஒன்று கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றுகொண்டு நகர மறுத்ததால் அதற்கு ஸ்டிக்கர் ஒட்டலாமா, ஒட்டினால் எங்கே ஒட்டுவது என்று ஒரு கமிட்டி அமைத்தார்கள். தட்டான்பூச்சிகள் கொசுவையெல்லாம் தின்றுவிட்டதால் கொசுவலைகள் சும்மா தொங்கின. ஆழ்துளைக் கிணற்றில் துருவாக வந்துகொண்டிருந்த தண்ணீர் இனித்தது. எல்லாவற்றையும்விடத் தவளைகள்தான் மக்களைக் கிறங்கடித்தன. மழை இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் மூன்றாம் மாடியிலிருந்து 'வர்ர்ரே, வர்ர்ரே' என்று ஒரே குரலில் அவை சொல்வதைக் கேட்டு, வேலைக்குக் கிளம்புகிறவர்கள் தம்மையறியாமல் 'வாங்க, வாங்க' என்று பதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெரிய ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார், சோபாவில் ஏறி நின்றுகொண்டு யோசித்தார்.

"சார், நீர்நிலைக்குள்ள வீடு வந்தா அது ஆக்கிரமிப்பு, எங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள்ள நீர்நிலை வந்தா அதுக்கு இன்னும் பேர் வைக்கல" என்றார். "பேர் வச்சதும் வரேன்." அவர் வரவில்லை.

ஏகாம்பரம் மாறிக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல். மிக்சி ஜாரில் முக்குளிப்பான் முட்டை வைத்திருந்ததால் சட்னியை அம்மியில் அரைத்தார். ஆமை நாளிதழின் மேல் படுத்துவிட்டால் அது எழுந்த பிறகு படித்தார். ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தால் ஏதாவது ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்தது. அது அவருக்குப் போதுமாக இருந்தது, போதாமலும் இருந்தது. அவருக்குப் பூங்காவனம் வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் போனை எடுப்பார். கேஸ் தீர்ந்துவிட்டது, மழை பெய்கிறது, உன் ஆபீஸ் குடை இங்கேயே இருக்கிறது என்று எல்லாவற்றையும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்வார். 'வா' என்ற சொல் மட்டும் பல்லுக்குப் பின்னால் நின்றுவிடும். போனை வைத்துவிடுவார்.

அப்போதுதான் மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

மாநகரத்தில் மூடப்பட்ட ஏரிகளும் குட்டைகளும் ஊருணிகளும் கொஞ்சநஞ்சமா. கீழ்த்தாங்கலில் ஒருவர் வாசற்கதவைத் திறந்து 'வாங்க' என்கிறாராம் என்று கொக்குகள் வழியாகச் செய்தி பரவிவிட்டது. முதலில், பேருந்து நிலையத்துக்கு அடியில் புதைந்திருந்த ஓர் அல்லிக்குளம் கேட்டுக்கு வந்து, மூணாவது மாடி எந்தப் பக்கம் என்று விசாரித்தது. மறுநாள் ஒரு சதுப்பு நிலம், சேறு சொட்டச் சொட்ட, பார்வையாளர் வருகை நேரம் என்ன என்று கேட்டது. ஒரு குட்டை, மிகவும் சின்னது, கேட்கக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு தபால் பெட்டிகளுக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது. ஓர் ஏரியைத் தாங்கிய 'லேக் வியூ' இப்போது கலவரப்பட்டது. ஒருவர் வந்தால் விருந்தாளி, ஊரே வந்தால் நாம் எங்கே போவது என்று ரெஜினா டீச்சர் அவசரக் கூட்டம் போட்டார்.

தவளையிடம் தான் சொன்னதை ஏகாம்பரம் அங்கே ஒப்புக்கொண்டார். "வரச் சொன்னவர்தான் போகச் சொல்லணும்" என்று கூட்டத்தில் தீர்மானமாயிற்று. "போயிட்டு வாங்கன்னு சொன்னதாலதானே வந்திருக்கு? இப்ப வெறும் 'போ'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

ஏகாம்பரம் தாங்கலின் முன்னால் போய் நின்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "போ..." என்றார். விரால் தலையை நீட்டிக் கேட்டது. "போ... யிட்டு வாங்க" என்று முடித்தார். சம்பு நாற்று இன்னும் ஓர் அடி வளர்ந்தது.

சௌந்தரபாண்டியன் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார், அவருக்கும் அதேதான் வந்தது. வரதாச்சாரியார், "சொல்லப்படாத வார்த்தை ஓய் அது, சொல்ல வரலையே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கடன் வசூலுக்கு வருகிற ஒரு தடித்த ஆளைக் கூட்டிவந்தார்கள். அவன் உறுமிக்கொண்டு நுழைந்து, கூழைக்கடாவைப் பார்த்து, "சரிங்கம்மா, நான் வரேங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனான். ஒட்டுமொத்தக் குடியிருப்பிலும் வெறும் போ சொல்ல ஒரு நாக்கு இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது ரெஜினா டீச்சர் மெதுவாகச் சொன்னார்:

"இந்தப் பில்டிங்குல ஒரே ஆள்தான் அந்த வார்த்தையை முழுசா சொல்லியிருக்காங்க."

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள்.

பெரம்பூருக்கு ஒரு வேன் பிடித்துப் போனார்கள், தட்டில் பழமும் பூவும் வைத்து, பெண் கேட்கப் போகிற மாதிரி. ஏகாம்பரமும் போனார், ஆனால் மாடி ஏறவில்லை, தெருமுனையில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவள் வந்தால் தாங்கலை அனுப்பிவைக்க வருவாள், அனுப்பிய கையோடு தானும் போய்விடுவாள், அதற்குப் பிறகு வீட்டில் சோபா மட்டும் இருக்கும். வராவிட்டால், தாங்கல் இருக்கும், அவள் இருக்கமாட்டாள். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அவர் முன் சீட்டின் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பூங்காவனம் வந்தாள். பெட்டி கொண்டுவரவில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். தண்ணீர் எதிர்க்கரை வரை அசையாமல் கிடந்தது, அல்லிகள் திறந்திருந்தன, பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீட்டி யார் என்று பார்த்துவிட்டு முங்கியது, டி.வி.யின் மேல் ஒரு செம்போத்து உட்கார்ந்து அவளையே பார்த்தது. மாடிப்படி முழுக்க ஜனம். கூட்டத்தோடு கூட்டமாக அந்தச் சின்னக் குட்டையும் இரண்டு படி ஏறி வந்து நின்றது.

"சொல்லும்மா" என்றார் ரெஜினா டீச்சர். "ஒரே வார்த்தை."

பூங்காவனம் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. இதெல்லாம் போகணுமா?"

"எனக்கு அதைச் சொல்ல வரல, பூங்கா."

"என்னை வான்னு கூப்பிட?"

"அதுவும் வரல."

"தவளைகிட்ட மட்டும் வந்துச்சாக்கும்."

"அது வாய் தவறி வந்துச்சு."

பூங்காவனத்தின் கண் கலங்கிவிட்டது. "என்கிட்டயும் ஒரு தடவை வாய் தவறியிருக்கலாமே" என்றாள்.

படிக்கட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், சௌந்தரபாண்டியன்தான். ஏகாம்பரம் வாயைத் திறந்தார். ஒலி வரவில்லை, மறுபடி திறந்தார். சிமெண்ட் மூட்டைகளைத் தூக்கச் சொல்லி ஊரே கேட்கக் கத்திய அந்தத் தொண்டையிலிருந்து, நத்தை நடக்கிற வேகத்தில் அது வெளியே வந்தது.

"வா."

அவள் அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். தண்ணீர்ப் பரப்பில் அத்தனை உயிர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

"எல்லாரும் போங்க" என்றாள், ஜனங்களைப் பார்த்து.

'வரேன்' என்பதும் இல்லை, 'வாங்க' என்பதும் இல்லை, மொட்டையாக, முழுசாக. கூட்டம் ஒரு கணம் நம்பமுடியாமல் நின்றுவிட்டு, முதுகில் கை வைத்துத் தள்ளியது போலப் படியிறங்கியது. அந்தச் சொல்லின் வீரியம் என்னவென்றால், அதற்குப் பிறகு புகார் சொல்லவென்று யார் ஏறிவந்தாலும் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால்கள் தானாகக் கீழே திரும்பிவிட்டன. சும்மா பார்க்க, ஒரு வாய் காப்பி குடிக்க, மீன்களுக்குப் பொரி போட என்று வந்தவர்களை எதுவும் தடுக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துவைத்துவிட்ட சௌந்தரபாண்டியன் இரண்டாவது வகையில்தான் முதல் ஆள்.

கூட்டத்தோடு இறங்கப் பார்த்த குட்டையைப் பூங்காவனம் கையமர்த்தினாள். "நீங்க இருங்க. சமையல்கட்டுப் பக்கம் இடமிருக்கு" என்றாள். கீழே தயங்கி நின்ற அல்லிக்குளத்துக்கும் சதுப்பு நிலத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று அவை புரிந்துகொண்டன.

எல்லாரும் என்றால் தானும்தான் என்று ஏகாம்பரம் நினைத்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, யாரையும் நனைக்காமல் வந்தவர்களைப் போலவே மெதுவாக இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்துவிட்டார்.

"ஏங்க!"

நின்றார்.

மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தோளில் தட்டான்பூச்சி உட்கார்ந்திருக்க, எரிச்சலான குரலில் பூங்காவனம் சொன்னாள்: "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க. இத்தனை பேர் இருக்கோம், ஒரு பாக்கெட் எந்த மூலைக்குக் காணும்?"

ஏகாம்பரம் பையை மறந்துவிட்டுக் கடைக்கு ஓடினார்.